ஹிக்மத் வாசித்துக் காட்டிய கதைகள்

பாக்தாத் தொலைபேசி நிலையத்தில் பஹீஜா இணைப்புப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த காலத்தில் அவள் மடியில் எப்போதும் ஒரு புத்தகம் கிடக்கும். காதில் கருவி, ஒரு கை பலகையில், மறு கை பக்கத்தில். "பஸ்ராவா? இருங்க, தர்றேன்" என்று சொல்லிக்கொண்டே கதாநாயகி விஷத்தைக் குடித்தாளா கீழே கொட்டினாளா என்று பார்த்துவிடுவாள். ஒருநாள் மேற்பார்வையாளர் புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு போனார். மறுநாள் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "ரெண்டாம் பாகம் வெச்சிருக்கியாம்மா?" என்று கேட்டார்.

அவளைக் கட்டிக்கொண்ட ஹிக்மத்துக்கு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை. செய்தித்தாளில் பந்தாட்டப் பக்கத்தைத் தவிர வேறெதையும் படித்தறியாத மனிதர். கல்யாணமாகி அவள் வந்த அன்று மெத்தை தலையணைகளோடு கட்டுக்கட்டாகப் புத்தகங்களும் வண்டியிலிருந்து இறங்கின. தூக்கி வந்த சித்தப்பா மாடிப்படியில் மூச்சு வாங்க நின்று, "என்னடா ஹிக்மத், பொண்ணு வீட்டுல செங்கல்லா கொடுத்தனுப்பியிருக்காங்க?" என்றார். "வீடு கட்டத்தானே வந்திருக்கா, கட்டட்டும்" என்றார் ஹிக்மத். அந்தப் பதிலுக்காகவே பஹீஜாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அதற்குப் பிறகு நாட்டில் என்னென்னவோ வந்தன, போயின. எல்லாவற்றிலும் அவள் படித்தாள். தடை செய்யப்பட்ட நாவல்களுக்குச் சமையல் புத்தக அட்டை போட்டுப் படித்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை கத்தரிக்காய்ச் சமையலுக்குக் குறிப்பு பார்க்க வேண்டும் என்று அதை எடுக்கப் போனபோது பஹீஜாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தடை போட்டு உலகமே கதவைச் சாத்திவிட்ட அந்தப் பஞ்ச வருடங்களில் குளிர்சாதனப் பெட்டி போயிற்று, கல்யாண வளையல் போயிற்று, ரேடியோகூடப் போயிற்று. புத்தக அலமாரியில் மட்டும் கை வைக்க விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் புத்தகத் தெருவுக்குப் போவாள். பேராசிரியர்கள் தங்கள் நூலகத்தையே நடைபாதையில் பரப்பி வைத்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் தரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவளும் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஒரே பிள்ளை. சர்மத். அவன் பிறந்த நாளிலிருந்து ஊர் வழக்கப்படி அவள் உம்மு சர்மத், சர்மத்தின் அம்மா; அவர் அபூ சர்மத், சர்மத்தின் அப்பா. அவன் படிக்கிற ஜாதி இல்லை, கேட்கிற ஜாதி. வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குப் போன பிறகும் அம்மாவின் சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "நேத்து அந்தக் கிழவன் என்ன ஆனான், சொல்லு" என்பான்.

ஊரே ஒன்றையொன்று கடித்துக் குதறிக்கொண்டிருந்த வருடம் அது. ஒரு வசந்தகாலக் காலையில் சந்தைப் பக்கம் குண்டு வெடித்தது. சாயங்காலம் ஹிக்மத் வீட்டுக்கு வந்து, கதவை மூடி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு சொன்னார். "பையன் போயிட்டான், பஹீஜா. ஒரு நொடிதான். அவனுக்கே தெரிஞ்சிருக்காது."

ஒரு நொடிதான் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பஹீஜா கரையேறினாள். அழுகிறபோதெல்லாம் அதைச் சொல்லிக்கொள்வாள். வலித்திருக்காது. பயந்திருக்க மாட்டான். ஒரு நொடி.

அதற்குப் பின் புத்தகம் பேசக்கூட ஆளில்லாமல் போயிற்று. வெள்ளிக்கிழமைகளில் கூடி நாவல் பேசிய சிநேகிதிகள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுக் கிளம்பினார்கள். வக்கீல் வஃபீக்கா, கல்லூரிக் காலத்திலிருந்து அவளோடு ஒவ்வொரு நாவலுக்கும் சண்டை போட்டவள், அவளும் டமாஸ்கஸ் போய்விட்டாள். போதாததற்குச் சர்க்கரை வியாதி பஹீஜாவின் கண்ணில் வந்து உட்கார்ந்தது. முதலில் வரிகள் வளைந்தன. பிறகு எந்தச் சொல்லைப் பார்க்கிறாளோ அந்தச் சொல்லே மறைந்து, சுற்றியிருப்பது மட்டும் தெரிந்தது. எல்லை தாண்டி அம்மான் நகரத்துக்குப் போய்ப் பெரிய மருத்துவரைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்துவிட்டார்.

திரும்பி வந்த பிறகு ஒரு காலையில் அவள் புத்தகத்தைத் திறந்து வைத்து, பக்கத்தை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். ஹிக்மத் பார்த்தார். கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டு, புத்தகத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:

"எங்க விட்ட?"

அவள் வெறும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "கிணத்தடியில சண்டை" என்றாள்.

ஆரம்பத்தில் அவர் படித்தது ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது. எல்லா வரியும் ஒரே குரல். போதாததற்கு, அரபி எழுத்தில் கொன்றான் என்றும் கொல்லப்பட்டான் என்றும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். இடம் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். ஹிக்மத் மாற்றி மாற்றி வாசிப்பார். செத்தவன் அடுத்த பத்தியில் எழுந்து வந்து பெண் கேட்பான்.

"யாரு யாரைக் கொன்னான்னு தெளிவா சொல்லுங்க அபூ சர்மத். நம்ம ஊரு போலீஸ் மாதிரி ஆளை மாத்திப் பிடிக்காதீங்க."

"எழுதினவன் புள்ளி கோடெல்லாம் ஒழுங்கா போட்டிருந்தா நான் ஏன் மாத்திப் பிடிக்கிறேன்? எங்க ரயில்வேயில இப்படி எழுதினா ரெண்டு வண்டி மோதிக்கும்."

சிரித்துச் சிரித்துத்தான் அந்தக் காலைகள் தொடங்கின. வருடங்கள் போகப் போக அவர் தேறிவிட்டார். கிழவிக்கு ஒரு குரல், அதிகாரிக்கு ஒரு குரல், காதல் பேசுகிற இடத்தில் லேசான இருமல். காலை ரொட்டியும் எருமைப் பாலேடும் முடிந்ததும் அவளே கூப்பிடுவாள். அவர் குரலில் கதை கேட்டுக்கொண்டிருக்கையில் தன் கண் போனதையே சில நேரம் மறந்துவிடுவாள். கண்ணிருந்த காலத்தில் அவரோடு பேசியதைவிட, இந்த நாலைந்து வருடங்களில் கதையை வைத்துப் பேசியது அதிகம். ஒரு நாவலில் வந்த வரி அவள் மனதில் ஒட்டிக்கொண்டது: 'ரொட்டி சுடுகிறவளுக்குத் தெரியும், ஒன்று கூடுதலாகச் சுட்டது மறதியால் அல்ல என்று.' துக்கம் கேட்கப் போகிற வீடுகளிலெல்லாம் அதைச் சொன்னாள். கேட்டவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஒரு குறைதான் இருந்தது அவளுக்கு.

"இப்பல்லாம் எழுதுறவங்களுக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. அந்தக் காலத்துல ஒரு நாவல் முடிஞ்சா நாலு நாள் சோறு இறங்காது. இப்ப என்னடான்னா காணாமப் போனவன் கடைசியில சூட்கேஸோட வந்து நிக்கிறான். ஊர்ல இவ்வளவு நடந்திருக்கு, இவனுங்க எழுதுறது மட்டும் கல்யாணச் சாப்பாடா இருக்கு."

"நிஜத்துல பார்த்தது போதும்னு நெனக்கிறாங்களோ என்னவோ" என்பார் ஹிக்மத், பக்கத்தைப் புரட்டியபடி.

வஃபீக்கா திரும்பி வந்தாள். டமாஸ்கஸும் எரியத் தொடங்கியிருந்தது. "அங்க குண்டு, இங்க குண்டு. சொந்த ஊர்க் குண்டாவது பேர் தெரிஞ்ச குண்டு" என்று சொல்லிக்கொண்டே படியேறி வந்து பஹீஜாவைக் கட்டிக்கொண்டாள். அதே சிகரெட் வாசனை, அதே வக்கீல் குரல். வந்த கையோடு பழைய ஆட்களையும் புது ஆட்களையும் சேர்த்து, புத்தகத் தெருவில் ஒரு தேநீர்க் கடையின் மாடியைப் பிடித்து வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை மறுபடி தொடங்கிவிட்டாள்.

முதல் கூட்டத்துக்கு எடுத்துக்கொண்டது அந்த வருடம் எல்லோரும் பேசிய ஒரு நாவல். ஈரான் சண்டைக் காலத்துக் கதை. தெற்கே உப்பு விற்கிற ஒரு விதவை. மூத்த மகன் போர்முனையிலிருந்து தப்பி ஓடி வருகிறான். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஓடிவந்தவனுக்கு இடம் கொடுத்தால் குடும்பத்தோடு சுடுவார்கள். அவன் வந்து கதவைத் தட்டுகிறான். பஹீஜா அதை ஹிக்மத் வாயால் இரண்டு வாரமாகக் கேட்டு முடித்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவளே ஆலிவ் பச்சை நிற உடுப்பை எடுத்து உடுத்திக்கொண்டாள். ஹிக்மத் அன்று பல்வலி என்றார், வரவில்லை. வஃபீக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு மாடியேறினாள்.

இருபது பேராவது இருப்பார்கள் என்று சத்தத்திலிருந்து தெரிந்தது. தேநீர்க் குவளைகளில் கரண்டி கலக்கும் ஒலி. "இவங்க உம்மு சர்மத். நாமெல்லாம் எழுத்துக் கூட்டிப் படிச்சப்பவே தடித்தடியா நாவலை முடிச்சவங்க. முதல்ல அவங்க பேசட்டும்" என்றாள் வஃபீக்கா.

பஹீஜா நன்றாகவே பேசினாள். இத்தனை வருடம் பூட்டி வைத்திருந்த பேச்சு. மொழியைப் பற்றிச் சொன்னாள், உப்பைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் சொன்னாள்:

"பொதுவா இந்தக் காலத்து நாவல்ல நல்ல முடிவு எனக்குப் பிடிக்கிறதில்ல. ஆனா இதுல அந்த அம்மா தாழ்ப்பாளை எடுக்கிற இடம் இருக்கே... கதவைத் தொறந்து, பையன் முகத்தை ரெண்டு கையால பிடிச்சு, 'இவ்வளவு நேரமா தட்டின?'ன்னு கேக்குறாளே. அதுக்கு இந்த எழுத்தாளனை நான் மன்னிச்சுட்டேன். அப்புறம் அவனைப் படகுல ஏத்தி அனுப்பிடுறா. சுலபமான முடிவுதான். ஆனா அந்தக் கேள்வி பொய் இல்ல."

கரண்டிச் சத்தம் நின்றது. மூலையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டாள். ஓர் இளைஞன் குரல் மரியாதையாகத்தான் கேட்டது:

"அம்மா, நீங்க எந்த நாவலைச் சொல்றீங்க?"

"இதைத்தான்."

"இதுல அவ கதவைத் தொறக்கவே மாட்டாளேம்மா. தாழ்ப்பாள்ல வெச்ச கையை எடுத்துடுவா. விடியிற வரைக்கும் அவன் தட்டுறதைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பா. காலையில மதகுக்கிட்ட அவனைச் சுட்டுடுவாங்க. அதானே நாவலே."

"அம்மா தனியா ஒரு நாவல் எழுதிட்டாங்க போல" என்று வேறொருவர் சொல்ல, இந்த முறை பலர் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அல்ல. வயதானவர்களைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் பஹீஜாவைச் சுட்டது. வாழ்நாள் முழுக்க யாரும் அவளைப் பார்த்துச் சிரிக்காத இடம் ஒன்று உண்டென்றால், அது இதுதான்.

வஃபீக்கா சட்டென்று பேச்சை மாற்றினாள். திரும்பி வரும்போது டாக்ஸி பாலத்தடியில் சோதனைச் சாவடி வரிசையில் நின்றுகொண்டிருக்க, பஹீஜா கேட்டாள்.

"உன் புத்தகம் கையில இருக்கா? கடைசி அத்தியாயத்தைப் படி."

"இப்பவா? வீட்டுக்குப் போய்..."

"படி வஃபீக்கா."

வஃபீக்கா படித்தாள். டாக்ஸிக்காரர் ரேடியோவைக் குறைத்துவிட்டார். தட்டும் ஒலி, தாழ்ப்பாள், எடுத்த கை, விடியல், மதகு. பஹீஜா முன்னிருக்கையின் முதுகைப் பிடித்தபடி கேட்டாள். முடிந்ததும், "இவ்வளவு நேரமா தட்டினன்னு எங்கயாவது இருக்கா?" என்றாள்.

"இல்லடி."

வீட்டில் ஹிக்மத் தர்பூசணி வெட்டிக்கொண்டிருந்தார். "கூட்டம் எப்படி? கிழிச்சுத் தோரணம் கட்டிட்டு வந்திருப்பியே?" என்றார்.

"நல்லா போச்சு. அந்தக் கடைசி அத்தியாயத்தை இன்னொரு தடவை படிங்க."

"முடிச்சாச்சே?"

"கேக்கணும் போல இருக்கு."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து படித்தார். தட்டும் ஒலி. தாழ்ப்பாள். அவர் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அந்த விதவையின் கையால் கதவைத் திறந்து, மகனின் முகத்தைப் பிடித்து, படகில் ஏற்றி, மூங்கிலால் கரையை உந்தித் தள்ளி, மறுகரையில் விளக்கு தெரிகிற வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். எவ்வளவு அழகாகப் பொய் சொல்கிறார் என்று பஹீஜா கேட்டுக்கொண்டே இருந்தாள். போன தடவை விளக்கு இல்லை. விளக்கு இன்றைக்குச் சேர்ந்தது.

முடித்ததும் அவள் கையை நீட்டி ஆள்காட்டி விரலைக் காட்டினாள்.

"கதவு தொறக்கிற வரி எது? என் விரலை எடுத்து அதுமேல வைங்க."

"என்ன உம்மு சர்மத், உனக்குத்தான்..."

"எனக்குத் தெரியாதுதான். வைங்க."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. வெளியே, தெருவுக்கு மின்சாரம் விற்கிற ஜெனரேட்டர்க்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். ஹிக்மத் அவள் விரலைத் தொடவில்லை.

"கூட்டத்துல சொல்லிட்டாங்களா?" என்றார் கடைசியில்.

"சிரிச்சாங்க."

அவர் மூச்சை விட்டார்.

"இது ஒண்ணைத்தான் மாத்தினீங்களா?" என்றாள் பஹீஜா.

ஹிக்மத் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார்.

"எல்லாத்துலயுமா?"

"சாவு வர்ற எடத்துல மட்டும்."

"சாவு வராத புத்தகம் ஏது?" பஹீஜாவின் குரல் உடைந்து உயர்ந்தது. "இத்தனை வருஷம் நான் எதைத்தான் படிச்சேன்? கண்ணு இல்லாதவளுக்குச் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டு, ருசியா இருக்கான்னு கேட்டிருக்கீங்க!"

"உனக்காகன்னு நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன்" என்றார் ஹிக்மத். "அப்புறம்தான் தெரிஞ்சுது, உனக்காக இல்ல. நீ காதால கேக்குற. நான் வாயால சொல்லணும். பையன் செத்துட்டான்னு இந்த வாய் ஒரு தடவை சொல்லிருச்சு பஹீஜா. இன்னொரு தடவை, இன்னொரு தடவைன்னு தினம் சொல்ல முடியல."

அந்த இடத்தில் அவள் இளகியிருப்பாள். இளகத்தான் தொடங்கினாள். கை அவர் பக்கம் நகர்ந்தது. பாதியில் நின்றது. ஒரு தடவை சொன்ன வாய். கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு சொன்ன வாய். அந்தக் குரலை அவள் காது இப்போது மறுபடி கேட்டது. வருடக்கணக்காக நாவல் வாசித்த குரலை அறிந்த காது.

"அன்னிக்கு ஒரு நொடிதான்னு சொன்னீங்களே," என்றாள் மெதுவாக. "அதையும் நீங்கதான் எழுதினீங்களா?"

ஹிக்மத் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். நாற்காலி அழுததைப் போல ஒரு சத்தம் கேட்டது. நாற்காலி இல்லை, அவர்தான்.

கேட்டுக் கேட்டு, பிடுங்கிப் பிடுங்கித்தான் அதை வாங்க முடிந்தது. சர்மத் ஒரு நொடியில் போகவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டு வந்தபோது விழித்துக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தான். வயிற்றில் தைத்தார்கள். பிழைத்துக்கொள்வான் என்று மருத்துவர் சொன்னார். பாலத்தை மூடிவிட்டார்கள், இந்தப் பக்கம் தெருவில் துப்பாக்கிச் சண்டை. அம்மாவைக் கூப்பிடு, பேசணும் என்றான் பையன். ஹிக்மத் வராந்தாவுக்குப் போய்க் கைபேசியில் வீட்டு எண்ணை அழுத்தினார்.

"அடிச்சுதா?" என்றாள் பஹீஜா.

"ஒரு தடவை மணி அடிச்சுது. நானே வெச்சுட்டேன். சொன்னா நீ கெளம்பிடுவ. நடந்தாவது வந்துடுவ, எனக்குத் தெரியும். வழியில உன்னையும் பறிகொடுத்துட்டு... அவன்தான் பொழைச்சுக்குவான்னாங்களே. சாயங்காலம் நல்ல சேதியோட வந்து சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அம்மா வந்துக்கிட்டே இருக்கான்னு அவன்கிட்ட சொன்னேன். மத்தியானம் சாஞ்சு அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன நேரத்துல போயிட்டான்."

அந்த ஒற்றை மணி அவளுக்கு ஞாபகம் இருந்தது. இருபத்தைந்து வருடம் மணிச் சத்தத்திலேயே வாழ்ந்த காது அது, மறக்குமா? அன்று அவள் இதே சோபாவில் காலை மடக்கிக்கொண்டு ஒரு தடிமனான நாவலின் கடைசிப் பக்கங்களில் இருந்தாள். கண் நன்றாகத் தெரிந்த காலம். மணி ஒருமுறை அடித்து நின்றது. நல்லவேளை, எழுந்திருக்க வேண்டாம் என்று நினைத்து, விட்ட வரியைத் தேடிப் பிடித்துப் படித்தாள். முடித்துவிட்டுத் திருப்தியாகத் தேநீர் போட்டுக் குடித்தாள். அவள் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நேரமெல்லாம் அவள் படித்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் அவளைப் படிக்க விட்டிருந்தார்.

"அவன் என்னைக் கேட்டான்."

"கேட்டான்."

"நான் வருவேன்னு நெனச்சுக்கிட்டே போனான்."

"ஆமா."

"ஹிக்மத்" என்றாள் பஹீஜா. சர்மத் பிறந்த பிறகு அவள் அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டதே இல்லை. "கதவைத் தொறக்காதது அந்த உப்புக்காரி இல்ல. நீ. என்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டு, வெளிய போய் நாவல் முழுக்கக் கதவைத் தொறந்துக்கிட்டு இருந்திருக்க."

அவர் அவள் காலைத் தொட்டார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

வீட்டை விட்டு எங்கே போவது? போகவில்லை. பாக்தாத்தின் கர்ராதா பகுதியில் அந்த மாடி வீட்டில் இருவரும் இருந்தார்கள். சர்மத்தின் அறையில் அவள் படுக்கையைப் போட்டுக்கொண்டாள். ரொட்டியும் குழம்பும் ஒரே மேசையில்தான். மாத்திரையை அவர் எடுத்துக் கொடுப்பார், அவள் வாங்கிக்கொள்வாள். பெயர் மட்டும் மாறியது. தெருவில் எல்லோரும் அபூ சர்மத் என்று கூப்பிடுகிறவரை மனைவி மட்டும் ஹிக்மத் என்று கூப்பிடுவதைக் கேட்டு, காய்கறிக்காரி ஒருமுறை, "என்ன, புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி!" என்று கேலி செய்தாள். ஹிக்மத் காசை எண்ணிக் கொடுத்தார்.

புத்தகம் இல்லாமல் பஹீஜாவால் இருக்க முடியாது என்பது தெரிந்து வஃபீக்கா வந்து படித்தாள். குற்றப்பத்திரிகை வாசிக்கிற வேகம். கிழவிக்கும் குழந்தைக்கும் ஒரே குரல். நடுவில் நிறுத்தி, "இவன் மேல கேஸ் போட்டிருந்தா ரெண்டு வாய்தாவுல உள்ள தள்ளியிருப்பேன்" என்பாள். ஆனால் எழுதியது எழுதியபடி வந்தது. பஹீஜா பழைய புத்தகங்களையெல்லாம் மறுபடி எடுத்து வரச் சொன்னாள். அவற்றில் பிழைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள். சூட்கேஸோடு வந்தவன் வரவில்லை. காய்ச்சலில் கிடந்த குழந்தை எழுந்திருக்கவில்லை. ஒவ்வொன்றையும் அவள் கேட்டு, மனதிலிருந்து பழையதைத் துடைத்துவிட்டுப் புதியதை வைத்தாள்.

ஒருநாள், "அந்த ரொட்டி வரி எங்க வருது பாரு. கூடுதலாச் சுட்டது மறதியால இல்லன்னு வருமே" என்றாள்.

வஃபீக்கா அத்தியாயத்தைத் தேடினாள். முன்னும் பின்னும் புரட்டினாள். "அப்படி ஒண்ணும் இல்லையே. ரொட்டி சுட்டாள்னு மட்டும் இருக்கு."

பக்கத்து அறையில் ஹிக்மத் செருமினார். துக்க வீடுகளிலெல்லாம் சொன்ன வரி. தன் துக்கத்துக்கே ஆறுதலாக வைத்துக்கொண்டிருந்த வரி. எந்த எழுத்தாளனும் எழுதாத வரி. பஹீஜா அதையும் துடைத்துவிடப் பார்த்தாள். அது மட்டும் போக மறுத்தது. அதற்காக அவரை இன்னும் கொஞ்சம் வெறுத்தாள்.

குளிர்காலம் தொடங்கியபோது ஹிக்மத் ஒரு பிற்பகலில் இரண்டு பெண்களின் முன்னாலும் வந்து நின்றார். கையில் அந்த உப்புக்காரி நாவல்.

"ஒரு தடவை சரியாப் படிக்கிறேன்" என்றார். "அனுமதி கொடு."

பஹீஜா யோசித்தாள். "வஃபீக்கா, உன் புத்தகத்தை எடு. அவரு படிக்கப் படிக்க நீ வரியில விரலை வெச்சுக்கிட்டே வா. ஒரு சொல் மாறினாலும் நிறுத்து."

"இது வீடா, நீதிமன்றமா?" என்றாள் வஃபீக்கா. ஆனாலும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஹிக்மத் உட்கார்ந்து படித்தார். தட்டுகிற இடம் வந்தபோது வேகத்தைக் குறைத்தார். தாழ்ப்பாளில் கை வைத்தாள் என்ற வரியில் நின்றார். வஃபீக்காவின் விரலும் நின்றது. அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு ஊதும் சத்தம் மட்டும். பிறகு, "கையை எடுத்துக்கொண்டாள்" என்று படித்தார். அதைத் தாண்டியதும் நிற்காமல் விடியலுக்கும் மதகுக்கும் போனார். சுட்டார்கள் என்றார். செத்தான் என்றார். உப்பு வண்டி வழக்கம்போலக் கிளம்பியது என்ற கடைசி வரியைப் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகம் நனைந்திருந்ததை வஃபீக்கா பிற்பாடுதான் சொன்னாள்.

"ஒரு எழுத்து பிசகல" என்றாள் வஃபீக்கா.

"சரி" என்றாள் பஹீஜா. ஹிக்மத் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தேநீர் வைக்க எழுந்து போனார்.

அதிலிருந்து ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. ஹிக்மத் படிப்பார், பக்கத்தில் வஃபீக்கா இன்னொரு பிரதியோடு உட்கார்ந்திருப்பாள். இரண்டு பிரதி கிடைக்காத புத்தகம் என்றால் வஃபீக்காவே படிப்பாள். ஹிக்மத் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, எடுத்துக்கொண்டாலும் காட்டவில்லை. அவர் குரல் பழையபடி இல்லை. கிழவிக்குத் தனிக் குரல் கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

ஒரு நாள் காலையிலிருந்தே புழுதிக் காற்று. வானம் செம்மண் நிறமாக இருக்கிறது என்று ஹிக்மத் சொன்னார். வஃபீக்கா தொலைபேசியில், "மூச்சு விட முடியலடி, இன்னிக்கு வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். முந்தின நாள் விட்ட இடம் நல்ல இடம். ஒரு பெண் விமான நிலையத்தில் கணவனுக்காகக் காத்திருக்கிறாள், விமானம் தரையிறங்கிவிட்டது, அவன் வந்தானா இல்லையா என்று தெரியவில்லை. பஹீஜா காலையிலிருந்து நிலைகொள்ளாமல் இருந்தாள். தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அந்த அரிப்பு பதினைந்து வயதில் இருந்தபடியே இருந்தது.

ஹிக்மத் ஜன்னலை ஈரத் துணி வைத்து அடைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். மேசையிலிருந்து புத்தகத்தை எடுக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டுமா? உள்ளது உள்ளபடி."

அவள் வாய் வரைக்கும் சரி என்று வந்துவிட்டது. அவர் பக்கம் முகத்தைத் திருப்பினாள். நடுவில் இருட்டு, ஓரத்தில் மங்கலாக ஒரு தோள், ஒரு நாற்காலிக் கை.

"வேண்டாம் ஹிக்மத்" என்றாள். "வஃபீக்கா வரட்டும்."

புத்தகம் மேசைக்குத் திரும்பியது. காற்று கதவிடுக்கில் மண்ணை ஊதியது. இருவரும் அங்கேயே, எதிரெதிரே, காற்று அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.